“ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் மேடம்”

கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். இரண்டரை வருடத்துக்கு முன்னால் 16 லட்ச ரூபாய் கொடுத்து ஒரு பெட்ரோல் எஸ்யூவி வாங்கினோம். ஏழு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், டிரை கிளட்ச் வகை. பதிவு என் கணவரின் நிறுவனத்தின் பெயரில். ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். முதல் வருடம் நன்றாக ஓடியது. அதன்பிறகு அவினாசி ரோட்டு நெரிசலில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது உதற ஆரம்பித்தது. அபார்ட்மென்ட் ராம்ப்பில் ரிவர்ஸ் போட்டால் சில நொடி ஒன்றும் நடக்காது, அப்புறம் வெடுக்கென்று இழுக்கும். போன மாதம் கோத்தகிரி மலைப்பாதையில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி ஏறாமல் பின்னால் உருண்டது. டீலரிடம் ஐந்து முறை விட்டோம். சாஃப்ட்வேர் அப்டேட் செய்தார்கள், ஒருமுறை கிளட்ச்சையே மாற்றினார்கள். மூன்று வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. “ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் மேடம், ஓட்டிப் பழகணும்” என்கிறார் சர்வீஸ் அட்வைசர். மூன்று வருட வாரண்டி முடிய ஆறு மாதம்தான் இருக்கிறது. தப்பு என் ஓட்டுதலிலா? புது வண்டி கேட்க முடியுமா? எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா, இல்லை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாமா?

பதில்: தப்பு உங்கள் ஓட்டுதலில் இல்லை. ரிவர்ஸ் போட்டும் நகராத வண்டி, மேட்டில் மிதித்தும் பின்னால் உருளும் வண்டி, இரண்டும் பழுதான வண்டிதான். பழகிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க ஒரு தயக்கம் தெரிகிறது. ஒரே பேச்சை ஐந்து முறை கேட்டால் யாருக்கும் தன் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் நீங்கள் சொன்ன மூன்று தொந்தரவுகளுக்கும் எடை ஒன்றல்ல. அவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் அடுத்த முறை டீலரிடம் பேச்சு வேறு மாதிரி போகும். அதனால் கியர்பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

உங்கள் வண்டி வகையில் இரண்டு கிளட்ச் உண்டு. வழக்கமான அமைப்பில் 1, 3, 5, 7 கியர்கள் ஒரு கிளட்ச்சில். 2, 4, 6, ரிவர்ஸ் மற்றதில். நீங்கள் முதல் கியரில் போகும்போதே இரண்டாவது கியர் உள்ளே தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விடும் அதே நேரத்தில் மற்றது பிடிக்கும். டிரை கிளட்ச் என்றால் இந்தத் தட்டுகள் எண்ணெயில் முங்கியிருக்காது. மேனுவல் வண்டியில் இருக்கிற மாதிரித் தட்டுதான். மிதிப்பது மட்டும் உங்கள் காலுக்குப் பதிலாக ஒரு கண்ட்ரோல் யூனிட்டும் அது இயக்கும் ஆக்சுவேட்டரும். எண்ணெய் இல்லாததால் சூடு சீக்கிரம் வெளியேறாது. நெரிசலில் அரை கிளட்ச்சில் ஊர்ந்துகொண்டே இருந்தால் தட்டு சூடேறும். சூடேறினால் பிடிப்பு சீராக இருக்காது, உதறும்.

ஆகவே நடக்கிற வேகத்தில் ஊரும்போது வருகிற லேசான அதிர்வு இந்த வகை கியர்பாக்ஸின் இயல்பு. அந்த அளவுக்கு அட்வைசர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்கு மேல் ஒரு துளி கூட இல்லை.

இப்போது உங்கள் புகாரை மறுபடி பாருங்கள். உதறல் எப்போது? இரண்டாவது கியர் பிடிக்கும்போது. தாமதம் எதில்? ரிவர்ஸில். இரண்டும் ஒரே கிளட்ச்சின் பக்கம். கிளட்ச்சை மாற்றியும் மூன்று வாரத்தில் திரும்பி வந்திருக்கிறது. அப்படியானால் கிளட்ச் தேய்ந்தது விளைவு. காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அந்தப் பக்கக் கிளட்ச்சை அழுத்தும் ஆக்சுவேட்டரோ, கண்ட்ரோல் யூனிட்டோ, கிளட்ச் மாட்டியபோது எடுக்க வேண்டிய அளவு சரியாக எடுக்கப்படாததோ, ஆயில் சீல் கசிந்து உலர்ந்திருக்க வேண்டிய தட்டில் எண்ணெய் படுவதோ, இன்ஜினோடு சுழலும் சக்கரமான ஃப்ளைவீலோ. வண்டியைப் பார்க்காமல் இதில் எது என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் “கிளட்ச்சைக் கழற்றியபோது சீல் கசிவு இருந்ததா, பழைய தட்டின் படம் எங்கே, ஆக்சுவேட்டரைச் சோதித்தீர்களா?” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கிளட்ச்சை வாரண்டியில் மாற்றியிருந்தால் அந்தப் படங்கள் டீலரின் கோப்பில் இருக்க வேண்டும்.

‘உங்கள் ஓட்டுதல்தான் காரணம்’ என்ற பதில் உங்களுக்கு மட்டும் கிடைத்ததும் இல்லை. ஃபோர்டு நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் என்ற ஆறு கியர் டூயல் கிளட்ச் பெட்டி ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வண்டிகளில் வந்தது. ஆஸ்திரேலியாவில் அந்த வண்டிகள் உதறுகின்றன என்று போனவர்களிடம், அது அவர்கள் ஓட்டுகிற விதத்தால் என்றே பல சமயம் சொல்லி அனுப்பினார்கள். அதே கோளாறோடு நிறையப் பேர் வந்திருப்பது நிறுவனத்துக்கு அப்போதே தெரியும். அங்குள்ள நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டின் ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கியர்பாக்ஸ் பழுதானதற்கான தண்டனை இல்லை அது. புகாரோடு வந்தவர்களை நடத்திய விதம் நியாயத்துக்குப் புறம்பானது என்பதற்கான தண்டனை. அதற்கு முன்பு 2013-ல் சீனாவில், ஃபோக்ஸ்வாகன் டிஎஸ்ஜி என்ற தன் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அங்கே அரசுத் தொலைக்காட்சி வாடிக்கையாளர்களின் புகாரை ஒளிபரப்பிய பிறகுதான் அது நடந்தது. உங்கள் வண்டி இந்த இரண்டு கம்பெனியினதா என்பது இங்கே முக்கியமில்லை. இந்த வகைப் பெட்டியில் இப்படிக் கோளாறு வரும் என்பது ஊரறிந்த விஷயம், அதைத்தான் சொல்ல வந்தேன்.

சரி, டீலர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்? வாரண்டி கிளெய்ம் பார்க்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வாரண்டி வேலைக்கான பணத்தை டீலர் தன் கையிலிருந்து போடுவதில்லை. பார்ட்ஸும் லேபரும் கம்பெனி கணக்கு. ஆனால் அதை வாங்க டீலர் கிளெய்ம் போட வேண்டும். வாடிக்கையாளர் என்ன சொன்னார், டெக்னீஷியன் என்ன கண்டார், ஸ்கேன் டூலில் என்ன ஃபால்ட் கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பிழைக் குறியீடு) வந்தது, படம், வீடியோ, எல்லாம் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிளெய்ம் திரும்பி வரலாம், அப்போது செலவு டீலர் தலையில். கண்ட்ரோல் யூனிட் மாதிரி விலை அதிகமான பாகத்துக்குக் கம்பெனியின் முன்அனுமதியும் வேண்டும். வண்டியை ஓட்டிப் பார்த்தபோது கோளாறு வரவில்லை, ஸ்கேனில் கோடும் இல்லை என்றால், அட்வைசர் எதை வைத்து அனுமதி கேட்பார்? சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு, கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கண்ட்ரோல் யூனிட் மறுபடி கற்றுக்கொள்ளும் ‘ரீலேர்ன்’ செய்து அனுப்பிவிடுவார். அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரம் வண்டி நன்றாக ஓடும். அப்புறம் நீங்கள் மறுபடி வரிசையில்.

அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் கையில் சரியான காகிதம் இல்லை. அதை அவருக்குக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான். அநியாயம்தான், ஆனால் நடைமுறை இதுதான். இந்தச் சண்டை முழுக்க முழுக்க ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரை டீலர் எழுதிக்கொள்ளும் தாளில் நடக்கிறது.

உங்கள் ஐந்து ஜாப் கார்டுகளையும் எடுத்து மேசையில் வையுங்கள். இல்லையென்றால் டீலரிடம் நகல் கேளுங்கள். வண்டியின் சேசிஸ் நம்பர் மேல் எல்லாப் பதிவும் கம்பெனி சிஸ்டத்தில் இருக்கும், முழு சர்வீஸ் ஹிஸ்டரியை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். அநேகமாக அதில் “ஜெர்க்கிங், செக்” என்றோ “பிக்கப் குறைவு” என்றோ “ஜெனரல் செக்கப்” என்றோதான் இருக்கும். கோத்தகிரியில் பின்னால் உருண்டதை நீங்கள் நடுங்கிக்கொண்டே சொல்லியிருப்பீர்கள். கார்டில் அது ‘பிக்கப் குறைவு’ ஆகியிருக்கும். கம்பெனிக்குப் போவது கார்டில் உள்ள வார்த்தை. நீங்கள் வாயால் சொன்னது அந்த கவுண்டரோடு முடிந்துவிட்டது.

அடுத்த முறை புகாரை வீட்டிலேயே டைப் செய்து எடுத்துப் போங்கள். எந்தப் பாகம் பழுது என்று நீங்கள் எழுத வேண்டாம். அது அவர்கள் வேலை. வண்டி என்ன செய்தது, எந்த நிலையில் செய்தது என்பதை மட்டும் எழுதுங்கள். உங்கள் வண்டியில் நடப்பதற்கு ஏற்ப மாற்றி, இப்படி: “நெரிசலில் அரை மணி நேரம் ஓடி வண்டி சூடான பிறகு, மேட்டில் ரிவர்ஸ் போட்டால் மூன்று நான்கு நொடி நகர்வதில்லை, பிறகு திடீரென இழுக்கிறது. காலையில் குளிர்ந்த நிலையில் இது வருவதில்லை. இன்ன தேதியில் கோத்தகிரி பாதையில் கியர்பாக்ஸ் சூடு எச்சரிக்கை வந்து, டி-யில் ஆக்சிலரேட்டர் கொடுத்தும் வண்டி ஏறாமல் பின்னால் உருண்டது. ஓடோமீட்டர் இவ்வளவு. இதே புகாருக்காக இதற்கு முன் இந்த ஐந்து ஜாப் கார்டுகள்.” இதை அப்படியே கார்டில் ஏற்றச் சொல்லுங்கள். இடம் போதாது என்பார்கள். அப்படியானால் “இணைப்பு பார்க்கவும்” என்று எழுதி, உங்கள் தாளில் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அன்று இரவே அதே வாசகத்தை ஜாப் கார்டு நம்பரோடு சர்வீஸ் மேனேஜருக்கும் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் ஈமெயில் செய்துவிடுங்கள். வாட்ஸ்அப் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

இந்த மாதிரிக் கோளாறு பெரும்பாலும் வண்டி சூடானால்தான் வரும் என்பதை இன்னொரு விதத்திலும் கவனிக்க வேண்டும். காலையில் டிரைவர் வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்துப் போகிற வசதியை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். ராத்திரி முழுக்க ஆறிய வண்டி, காலி ரோடு, பத்து நிமிட டெஸ்ட் டிரைவ். கோளாறு எப்படி வரும்? மாலை நெரிசலில் நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள். ஒர்க்‌ஷாப்பைக் கவனிக்கும் ஃப்ளோர் இன்சார்ஜிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு வையுங்கள். இன்ஜினை அணைக்காமல், ஸ்கேன் டூலை மாட்டி, டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். கிளட்ச் வெப்பநிலை, எந்தக் கியர் கேட்கப்பட்டது, எது பிடித்தது எல்லாம் லைவ் டேட்டாவில் ஓடும். ரிவர்ஸ் தாமதம் அவர் கண் முன்னால் ஒருமுறை வந்துவிட்டால் போதும், அந்த டேட்டாவைச் சேமிக்கச் சொல்லுங்கள். இதுவரை நடந்த ஐந்து வருகையை விட அந்த ஒன்றுக்கு மதிப்பு அதிகம்.

வீடியோவும் எடுத்து வையுங்கள். ஆனால் ஓட்டும்போது நீங்கள் போனைத் தொடாதீர்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, கியர் காட்டி, ஆர்பிஎம் முள், எச்சரிக்கை வாசகம் மூன்றும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுக்கட்டும். ஃபால்ட் கோடுகளை அழிப்பதற்கு முன் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். அழித்துவிட்டு “கோடு ஒன்றும் இல்லை” என்று சொல்வது சாதாரணமாக நடக்கிறது. அதே காரணத்துக்காக, யாராவது சொன்னார்கள் என்று பேட்டரியைக் கழற்றி மாட்டுவதோ, கடையில் வாங்கிய ஓபிடி டாங்கிளை (வண்டியில் செருகிக் கோடு படிக்கும் சின்னக் கருவி) வைத்து ஃபால்ட் கோடை அழிப்பதோ வேண்டாம். வெளி கராஜில் கியர்பாக்ஸைத் திறக்கவே கூடாது. கம்பெனி வாரண்டியை மறுக்க அதைவிட எளிய காரணம் கிடைக்காது.

வண்டியைத் திருப்பி எடுக்கும் நாள்தான் பலரும் கோட்டைவிடும் நாள். டெலிவரியின்போது ஒரு கையெழுத்து கேட்பார்கள்: வேலை திருப்திகரமாக முடிந்தது. கூடவே, “கம்பெனியிலிருந்து கால் வரும் மேடம், பத்துக்குப் பத்து போடுங்க, இல்லேன்னா எங்க இன்சென்டிவ் போயிடும்” என்பார் அட்வைசர். நாமும் பாவம் என்று போட்டுவிடுவோம். நீங்களும் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கம்பெனியின் பதிவில் அப்போது என்ன இருக்கும்? ஒரு வாடிக்கையாளர் ஐந்து முறை வந்தார், ஐந்து முறையும் பத்துக்குப் பத்து கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். நாளை வழக்கு என்று வந்தால் எதிர்த் தரப்பு முதலில் நீட்டுவது இந்தத் தாளைத்தான். இனிமேல் “கோளாறு தீர்ந்ததா என்பது சூடான நிலையில் ஓட்டிய பிறகே தெரியும்” என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போனில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அட்வைசரிடம் கோபப்பட வேண்டாம். “உங்கள் நடத்தை நன்றாக இருந்தது, வண்டி சரியாகவில்லை” என்று பிரித்துச் சொல்லலாம். பழைய மதிப்பெண்களுக்கும் மருந்து உண்டு: இந்த வாரமே கம்பெனிக்கு எழுதும் ஈமெயிலில், அப்போது வண்டி தற்காலிகமாகச் சரியானது போலத் தெரிந்ததால் கொடுத்தது, கோளாறு எத்தனை நாளில் திரும்பியது என்று தேதியோடு பதிவு செய்துவிடுங்கள்.

மறுபடி நடுரோட்டில் நகராமல் நின்றால் எப்படியாவது ஓட்டி வீடு சேரப் பார்க்காதீர்கள். ஓரங்கட்டி, பி-யில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கம்பெனியின் ரோட்சைடு அசிஸ்டன்ஸைக் கூப்பிடுங்கள். உங்கள் பாதுகாப்புதான் முதல் காரணம். இரண்டாவது, நேரமும் இடமும் போட்டு இழுவை வண்டியில் ஏறிய பதிவு கம்பெனியிடமே இருக்கும். அதை ‘நார்மல்’ என்று யாரும் சொல்ல முடியாது. இது சரியாகும் வரை கோத்தகிரி, குன்னூர், வால்பாறை எதுவும் இந்த வண்டியில் வேண்டாம். மலைப்பாதையில் பின்னால் ஒரு பஸ் நிற்கும்போது வண்டி உருண்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓட்டுவதில் சில பழக்கங்கள் டிரை கிளட்ச்சின் ஆயுளைக் கூட்டும் என்பதும் உண்மை. மேட்டில் ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்தே வண்டியைப் பிடித்து வைக்கக் கூடாது, பிரேக்கில் நிறுத்துங்கள். நெரிசலில் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் ஊர்வதை விட, முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, நகர்ந்து, முழுசாக நிற்பது நல்லது. பிரேக்கை நன்றாக மிதித்தால் கிளட்ச் முழுதும் விட்டுவிடும், சூடேறாது. இதைச் செய்வதால் டீலர் சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகாது. “இவ்வளவும் கடைப்பிடித்தும் கோளாறு வருகிறது” என்று எழுதுகிற வலு உங்களுக்குக் கிடைக்கும்.

இந்த டீலரிடமே கட்டுப்பட்டு நிற்க வேண்டியதில்லை. வாரண்டி கொடுத்தது கம்பெனி. அதே கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட டீலரும் வேலை செய்ய வேண்டும். திருப்பூரிலோ ஈரோட்டிலோ வேறு முதலாளி நடத்துகிற டீலர் இருந்தால் ஒருமுறை அங்கே விடுங்கள். முந்தைய வேலையில் விட்ட குறையை மூடி மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. இரண்டு டீலரின் ஜாப் கார்டிலும் ஒரே புகார் இருந்தால், ‘அந்த அம்மா எப்போதும் குறை சொல்வார்’ என்ற பேச்சு அடங்கிவிடும்.

கம்பெனிக்கு எழுதும்போது என்ன கேட்பது? புது வண்டி என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் உங்கள் கோப்பு டெக்னிக்கல் ஆளிடமிருந்து சட்டப் பிரிவுக்குப் போய்விடும். ஏரியா சர்வீஸ் மேனேஜர் முன்னிலையில், கம்பெனியின் டெக்னிக்கல் இன்ஜினியர் வண்டியைச் சோதிக்க வேண்டும். கோளாறின் மூல காரணம் எழுத்தில் வேண்டும். அதற்குரிய பாகத்தையோ, தேவைப்பட்டால் கியர்பாக்ஸ் முழுவதையுமோ மாற்ற வேண்டும். இந்தப் புகார் வாரண்டி காலத்தில் பதிவானது, தீரும் வரை வாரண்டிப் புகாராகவே நடத்தப்படும் என்று உறுதி வேண்டும். பதிலுக்கு 15 நாள் கொடுங்கள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களுக்கு மாற்று வண்டி கேளுங்கள். தராவிட்டால் டாக்சி பில் ஒவ்வொன்றையும் எடுத்து வையுங்கள். பில் இல்லாத நஷ்டத்தைப் பின்னால் யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஆறு மாதத்தில் தேதி கடந்துவிடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. காலத்துக்குள் பதிவாகி, தீர்க்கப்படாமல் இழுத்த கோளாறு மறுநாளே உங்கள் செலவாக மாறிவிடாது என்று வாதிட வலுவான இடம் உண்டு. அந்த வாதத்துக்கு உயிர் கொடுப்பது அந்தந்தத் தேதியின் ஜாப் கார்டுகள்.

இனி புது வண்டி. அமெரிக்காவில் ‘லெமன் லா’ என்று மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன. 1982-ல் கனெக்டிகட் தொடங்கி வைத்தது. இத்தனை முறை பழுது பார்த்தும் தீரவில்லை, இத்தனை நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது என்றால் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டு. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. நமக்கு இருப்பது 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் 39-வது பிரிவு குறையைச் சரிசெய்யவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டியின் கடமை பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்றிருக்கும்போது வண்டியையே மாற்றச் சொன்னது சரியில்லை என்றது. இன்றும் கம்பெனி வக்கீல்கள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் மேல்தான் வரும். 38-வது பிரிவின் கீழ், நிபுணர் பரிசோதனைக்கு நீங்கள் மனு போட வேண்டும். ஆகவே நியாயமாக எதிர்பார்க்கக் கூடியது கியர்பாக்ஸ் மாற்றம், கூடவே இழப்பீடு. புது வண்டி அல்லது முழுப் பணம் கிடைத்தவர்கள் உண்டு, ஆனால் நிபுணர் அறிக்கை அவர்கள் பக்கம் உறுதியாக நின்றிருக்கும்.

வழக்குக்குப் போக வேண்டி வந்தால், அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். கம்பெனிகள் அங்கிருந்து வரும் புகாருக்குப் பெரும்பாலும் பதில் சொல்கின்றன. அது பலிக்காவிட்டால் டீலருக்கும் கம்பெனிக்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். பிறகு கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. 10 முதல் 20 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். வழக்கை முடிக்கச் சட்டம் மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எதிர்மனுதாரராக டீலர், கம்பெனி இரண்டு பேரையும் சேருங்கள், கம்பெனி என்ன தவறு செய்தது என்பதையும் தனியாக எழுதுங்கள். டாடா மோட்டார்ஸ் எதிர் அன்டோனியோ பாலோ வாஸ் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம், டீலர் செய்ததற்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க, தயாரிப்பாளருக்கு அது தெரியும் என்பதற்கு மனுவிலும் சாட்சியத்திலும் ஏதாவது இருக்க வேண்டும் என்றது. கம்பெனிக்கு நேரடியாக ஈமெயில் அனுப்பச் சொன்னதன் காரணம் இப்போது புரியும். வண்டி நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், வணிக நோக்கத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று ஒரு தடை எழுப்புவார்கள். பயப்பட வேண்டாம். நிறுவனத்தின் பெயரில் வாங்கிய காரும், இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு என்றால் வணிக நோக்கம் ஆகாது என்ற நிலையை 2024-ல் உச்ச நீதிமன்றம் ஒரு மெர்சிடிஸ் கார் வழக்கில் ஏற்றிருக்கிறது. வண்டி வாடகைக்கு ஓடவில்லை, குடும்ப உபயோகத்தில் இருக்கிறது என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்குங்கள், ஆனால் நிபந்தனையைப் படித்துவிட்டு. கம்பெனியே தருவதாக இருக்க வேண்டும். டீலர் வேறு ஏதோ நிறுவனத்தோடு சேர்ந்து விற்பதை நான் வாங்கமாட்டேன். கண்ட்ரோல் யூனிட்டும் ஆக்சுவேட்டரும் அதில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கிளட்ச் தட்டைத் தேயும் பாகம் என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் வண்டியில் சண்டையே அதன் பெயரில் நடக்கப் போவதால் அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். வாரண்டியில் மாட்டிய புதுப் பாகத்துக்கும் பொதுவாக வண்டியின் மிச்ச வாரண்டி காலம் மட்டும்தான் என்பதால், இப்போது கண்ட்ரோல் யூனிட்டே மாற்றிக் கொடுத்தாலும் நீட்டிப்பு பயன்படும். “எக்ஸ்டெண்டட் போட்டுடுங்க மேடம், அதுல பார்த்துக்கலாம்” என்று இப்போதைய புகாரைத் தள்ளிப்போட மட்டும் விடாதீர்கள். முன்பே இருந்த கோளாறு என்று சொல்லி அதில் மறுக்க முடியும்.

எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை, இன்று கொடுத்தால் மதிப்பீட்டாளர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து நன்றாகவே விலையைக் குறைப்பார், அந்த நஷ்டம் முழுக்க உங்களுடையது. காரணம் கண்டுபிடித்து, பாகம் மாற்றி, சூடான நிலையில் இரண்டு மாதம் பிரச்சினையில்லாமல் ஓடிய பிறகு, அந்த ஜாப் கார்டையும் சேர்த்துக் காட்டி விற்றால் நியாயமான விலை கிடைக்கும், வாங்குபவரிடமும் எதையும் மறைக்க வேண்டியிருக்காது. அதற்கு ஆறு மாதம் தாராளமாகப் போதும். இந்த வாரம் பழைய கார்டுகளின் நகலையும் சர்வீஸ் ஹிஸ்டரியையும் வாங்குங்கள், அடுத்த வாரம் ஒரு மாலை நேரத்தில் சூடான வண்டியோடு ஃப்ளோர் இன்சார்ஜைப் பாருங்கள். கம்பெனியின் பதில் வந்ததும் அதை எனக்கு அனுப்புங்கள். மூல காரணம் என்று அவர்கள் எழுதுவது பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.